இதயத்தை ஒட்டிய கொழுப்பு: ரிப்போர்ட்டில் வரும் அந்த ஒரு வரிக்கு என்ன பொருள்?

சென்னையில் முழு உடல் பரிசோதனை செய்துகொள்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., எக்கோ, வயிற்று ஸ்கேன் எல்லாம் முடிந்ததும் ஒரு ஃபைலைக் கையில் கொடுப்பார்கள். சர்க்கரை, கொலஸ்ட்ரால் எண்களைப் படித்துப் புரிந்துகொள்ளப் பலருக்கும் தெரியும். எக்கோ ரிப்போர்ட்டின் கடைசியிலோ, நெஞ்சு சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டின் நடுவிலோ ‘எபிகார்டியல் ஃபேட்’ என்று ஒரு வரி இருந்தால்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. இதயத்தைச் சுற்றிக் கொழுப்பு என்று யாராவது விளக்கிச் சொன்னதும், அடைப்பு வந்துவிட்டதாகவே நினைத்து ஆஞ்சியோகிராம் செலவை விசாரிக்கிறவர்கள் உண்டு. எல்லோருக்கும் இருப்பதுதானே என்று ஃபைலை மூடி பீரோவில் வைத்துவிடுகிறவர்களும் உண்டு.

இரண்டு தரப்பும் பாதி சரி. அந்தக் கொழுப்பு எல்லோருக்கும் இருக்கிறது. அதற்கும் இதய ரத்தக்குழாய் நோய்க்கும் தொடர்பும் இருக்கிறது. அந்தத் தொடர்பு எப்படிப்பட்டது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மூன்று கொழுப்புகள், ஒரே பெயர்

தமிழில் நாம் ‘கொழுப்பு’ என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு விஷயங்களைக் குறிக்கிறோம். குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

1. ரத்தத்தில் ஓடும் கொழுப்பு. எல்.டி.எல்., எச்.டி.எல்., ட்ரைகிளிசரைடு என்று லேப் ரிப்போர்ட்டில் எண்ணாக வருவது இது.

2. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் படியும் கொழுப்பு. எல்.டி.எல். துகள்கள் சுவருக்குள் புகுந்து, அவற்றைத் தின்ன வரும் வெள்ளணுக்களும் அங்கேயே தங்கி, நாளடைவில் மேடாகிறது. ‘பிளாக்’, ‘அடைப்பு’ என்று பேச்சில் சொல்வது இந்தப் படிமத்தைத்தான். இது குழாய்க்கு உள்ளே நடப்பது.

3. இதயத்தின் மேல் படர்ந்திருக்கும் கொழுப்புத் திசு. கொழுப்பைச் சேமித்து வைக்கும் செல்களால் ஆன உயிருள்ள திசு இது. தனக்கென்று ரத்த ஓட்டமும் நரம்பும் கொண்டது, சுரக்கவும் செய்வது. குழாய்க்கு வெளியே இருக்கிறது.

ரிப்போர்ட்டில் வரும் வரி மூன்றாவதைப் பற்றியது. அது மட்டும் இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள் இல்லை. ரத்தக் கொலஸ்ட்ரால் கூடுதல் என்றும் பொருள் இல்லை.

இடையில் சுவர் இல்லை

இதயத்தை ஒரு மெல்லிய பை மூடியிருக்கிறது. பெரிகார்டியம் என்கிற இதய உறை அது. இந்த உறைக்கு வெளியே, நெஞ்சுக்கூட்டின் பக்கமாக ஒரு கொழுப்பு உண்டு. உறைக்கு உள்ளே, இதயத் தசையின் மேலேயே இன்னொரு கொழுப்பு உண்டு. உள்ளே இருப்பதுதான் எபிகார்டியல் கொழுப்பு. ஸ்கேன் படத்தில் இரண்டும் அடுத்தடுத்துத் தெரிந்தாலும், கருவில் உருவாகும்போதே இரண்டின் வழியும் வேறு. வெளிக்கொழுப்புக்கு ரத்தம் நெஞ்சுச் சுவர்ப் பக்கத்துத் தமனியிலிருந்து வருகிறது. உள்கொழுப்புக்கு இதயத்தின் சொந்தத் தமனிகளிலிருந்தே வருகிறது.

உள்கொழுப்பு இதயப் பரப்பில் ஏறக்குறைய 80 சதவீதத்தை மூடியிருக்கும். இதய எடையில் சுமார் 20 சதவீதம் இருக்கும். மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலான பள்ளம், இரண்டு கீழறைகளுக்கு இடையிலான பள்ளம் ஆகிய இடங்களில் அடர்ந்திருக்கும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகளும் அதே பள்ளங்களின் வழியாகத்தான் ஓடுகின்றன. அதாவது, அந்தத் தமனிகள் இந்தக் கொழுப்புக்குள் புதைந்தே ஓடுகின்றன.

இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையை 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். அன்றும் இன்றும் பைபாஸ் செய்கிறவர்கள் உறையைத் திறந்ததும் முதலில் பார்ப்பது இந்த மஞ்சள் படலத்தைத்தான். பல நோயாளிகளிடம் அதை விலக்கித்தான் தமனியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

உடலின் பல இடங்களில் கொழுப்புக்கும் தசைக்கும் நடுவே ஒரு நார்ப்படலம் தடுப்பாக இருக்கும். இங்கே அது இல்லை. கொழுப்பு செல்லும் இதயத் தசையும் தமனியின் வெளிச்சுவரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒரே நுண்குழாய் வலையைப் பகிர்ந்துகொண்டு இருக்கின்றன. இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கடியில் கிலோக்கணக்கில் இருக்கும் கொழுப்பைவிட, இங்கே இருக்கும் சில நூறு கிராமுக்கும் குறைவான கொழுப்பைப் பற்றி இதய மருத்துவர்கள் அதிகம் பேசுவதற்குக் காரணம் இந்த நெருக்கம்தான்.

பாதுகாப்பு எப்போது பாதிப்பாகிறது

அந்தக் கொழுப்பு அங்கே வீணாக இல்லை. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் முறுக்கித் தளரும்போது தமனிகள் நெரிபடாமல் மெத்தைபோலத் தாங்குகிறது. இதயத் தசை தன் ஆற்றலில் பெரும்பகுதியைக் கொழுப்பு அமிலங்களை எரித்துத்தான் பெறுகிறது. அந்த எரிபொருளைப் பக்கத்திலேயே வைத்திருந்து தேவைக்குத் தருகிறது. ரத்தத்தில் கொழுப்பு அமிலம் மிதமிஞ்சும்போது அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. அடிபோனெக்டின் என்ற ஹார்மோனையும் சுரக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சியைத் தணிப்பது அது.

உடலில் கொழுப்பு சேர்ந்துகொண்டே போய், தோலுக்கடியில் சேமிக்கும் திறன் முடியும்போது நிலைமை மாறுகிறது. மிச்சம் கல்லீரலுக்கும் குடலைச் சுற்றியும் இதயத்தைச் சுற்றியும் போய்ச் சேர்கிறது. வயிற்று ஸ்கேனில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று வருகிறவர்களுக்கு எக்கோவிலும் இந்த வரி வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரே பிரச்சினை இரண்டு இடத்தில் தெரிகிறது, அவ்வளவுதான்.

அளவுக்கு மீறி வீங்கிய கொழுப்பு செல்லுக்கு ஆக்சிஜன் போதாமல் போகிறது. அதன் நடத்தை மாறுகிறது. மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் அங்கே வந்து குவிகின்றன. அடிபோனெக்டின் குறைகிறது, இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்கள் கூடுகின்றன. தடுப்பு இல்லாததால் இவை தமனியின் வெளிச்சுவருக்கு நேரடியாகக் கசிகின்றன. தமனிச் சுவருக்கே ரத்தம் கொடுக்கும் மிக நுண்ணிய குழாய்கள் வழியாகவும் உள்ளே போகின்றன. ரத்தத்திலிருந்து எல்.டி.எல். உள்பக்கமாகப் புகுந்து செய்யும் சேதத்தோடு, வெளியிலிருந்து உள்நோக்கி வரும் இந்தச் சேதமும் சேர்ந்துகொள்கிறது.

சான்றுகள் எவ்வளவு வலுவானவை?

கேட்க நன்றாக இருக்கும் விளக்கங்கள் எல்லாம் உண்மையாகிவிடுவதில்லை. ஆகவே சான்றுகளைத் தனித்தனியாக எடை போடுவது நல்லது.

1. தசைக்குள் புதைந்த தமனி. சிலருக்கு இடது பக்கத்து முக்கியத் தமனியான எல்.ஏ.டி., வழியில் ஓரிடத்தில் இதயத் தசைக்குள் மூழ்கி, சிறிது தூரம் போய் மறுபடி மேலே வரும். மூழ்கிய அந்தத் துண்டைச் சுற்றிக் கொழுப்பு கிடையாது, தசை மட்டுமே. அந்தத் துண்டில் படிமம் அபூர்வம். அதற்கு முந்தைய பகுதியிலோ படிமம் இருக்கும். ஒரே ஆள், ஒரே ரத்தம், ஒரே எல்.டி.எல்., ஒரே தமனி. சுற்றுப்புறம் மட்டும் வேறு. மிக அழகான சான்று இது. ஆனால் முழுமையானது என்று சொல்ல மாட்டேன். தசை சுருங்கும்போது அந்தத் துண்டு நசுங்குவதால் அதற்குள் ரத்தம் பாயும் விதமே மாறிவிடுகிறது. படிமம் சேராததற்கு அதுவும் காரணமாக இருக்க முடியும்.

2. அறுவை மேசையிலிருந்து கிடைத்தது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், பைபாஸ் செய்துகொண்ட நோயாளிகளின் இதயத்தின் மேலிருந்தும், அதே ஆளின் கால் தோலுக்கடியிலிருந்தும் கொழுப்பை எடுத்து ஒப்பிட்டார்கள். இதயக் கொழுப்பில் அழற்சிப் பொருள்கள் தெளிவாக அதிகம். நோயாளி பருமனாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தான் இருந்தது.

3. மக்களைத் தொடர்ந்து கவனித்தது. ஜெர்மனியின் ரூர் பகுதியில் இதய நோய் இல்லாத 4,000-க்கும் மேற்பட்டோருக்கு சி.டி. எடுத்து, இந்தக் கொழுப்பின் கன அளவைக் குறித்துக்கொண்டு, சராசரியாக 8 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வயது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், கொழுப்பு இரு மடங்காக இருந்தவர்களுக்கு மாரடைப்பு போன்ற நிகழ்வுகள் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அமெரிக்காவில் பல இனத்தவரை வைத்து நடந்த ஆய்விலும் இதே திசையில்தான் முடிவு. ஆனால் சில ஆய்வுகளில், வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பையும் கணக்கில் சேர்த்ததும் இதயக் கொழுப்பின் தனிப் பங்கு மெலிந்துவிட்டது. இரண்டும் கைகோத்தே வளர்வதால் யார் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது சுலபமில்லை.

மொத்தத்தில், தொடர்பு உறுதி. ‘இந்தக் கொழுப்புதான் அடைப்பை உண்டாக்குகிறது’ என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல அது போதாது. எல்.டி.எல். விஷயத்தில் அப்படிச் சொல்லலாம், ஏனென்றால் எல்.டி.எல்.-ஐக் குறைத்தால் மாரடைப்பு குறைகிறது என்று மருந்துச் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இதயக் கொழுப்பை மட்டும் குறைத்து அப்படிக் காட்டிய சோதனை இல்லை.

தமனியும் கொழுப்பைக் கெடுக்கிறது

விஷயம் இன்னும் சுவாரசியமாவது இங்கேதான். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: தமனிச் சுவரில் அழற்சி இருந்தால், அது சுற்றியுள்ள கொழுப்பை என்ன செய்யும்? அழற்சியின் சமிக்ஞைகள் வெளிப்பக்கமாகவும் கசிகின்றன. அதனால் தமனியை ஒட்டிய கொழுப்பு செல்கள் முதிர்ச்சி அடையவோ கொழுப்பைச் சேமிக்கவோ முடியாமல் சிறிதாக, நீர்ச்சத்து கூடியதாக ஆகிவிடுகின்றன.

இதை சி.டி.யில் பார்க்க முடிகிறது. சி.டி. படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஹௌன்ஸ்ஃபீல்டு அலகில் ஓர் எண் உண்டு. தண்ணீருக்குப் பூஜ்யம், கொழுப்புக்கு மைனஸ் 190 முதல் மைனஸ் 30 வரை. அழற்சி பட்ட கொழுப்பில் நீர் கூடுவதால் அதன் எண் பூஜ்யத்தை நோக்கி நகர்கிறது. 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், தமனியை ஒட்டிய கொழுப்பின் எண் மைனஸ் 70.1 அல்லது அதைவிடப் பூஜ்யத்துக்கு நெருக்கமாக இருந்தவர்கள் இதய நோயால் இறக்கும் ஆபத்து பல மடங்கு கூடியிருந்தது.

ஆக, போக்குவரத்து இரண்டு பக்கமும் நடக்கிறது. எவ்வளவு கொழுப்பு என்ற கேள்வியைவிட அது எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்விதான் எதிர்காலத்தில் பயன் தரும் என்பது என் கணிப்பு. குழாய் சுருங்கும் முன்பே சுவரில் நடக்கும் அழற்சியை அக்கம்பக்கத்துக் கொழுப்பு காட்டிக்கொடுக்கிறது என்றால், அது சாதாரண ஆஞ்சியோகிராமில் தெரியாத ஒன்று.

நம் ஊருக்கு இதில் என்ன?

புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் இருவரும் தங்கள் உடலையே அளந்து 2004-இல் வெளியிட்ட ஒரு படம் இந்தத் துறையில் பிரபலம். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3 தான். உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு இருவருமே பருமன் இல்லை.

கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னே. நம் வீடுகளில் அதிகம் காணும் உடல்வாகு இது. தசை குறைவு, தோலடியில் சேமிக்கும் இடமும் குறைவு. கொஞ்சம் எடை கூடினாலே கொழுப்பு உள்ளுறுப்புகளைத் தேடிப் போய்விடுகிறது. அதனால்தான் ஐரோப்பியருக்கு 25 என்று இருக்கும் அதிக எடை எல்லை நமக்கு 23. இடுப்புச் சுற்றளவின் எல்லையும் நமக்குக் குறைவு: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80.

சென்னையின் எண்களையும் பார்க்கலாம். டாக்டர் வி. மோகன் குழுவினர் இந்த நகரில் 1,262 பேரிடம் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வில் 11 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது. அதே குழு 2001-இல் தொடங்கிய, 26,001 சென்னைவாசிகளை உள்ளடக்கிய ஆய்வின் உணவுப் பகுதி காட்டியது இன்னொன்று: சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியங்களிலிருந்து, அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசியிலிருந்து வருகிறது. எண்ணெய் அதிகம் சேர்க்காதவர்களுக்கும் உள்கொழுப்பு கூடுவதன் ஒரு காரணம் இதில் இருக்கிறது. மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாகத்தான் மாற்றுகிறது.

அளந்து பார்க்க வேண்டுமா?

எக்கோவில் வலது கீழறையின் முன்சுவருக்கு மேலே இந்தக் கொழுப்பின் தடிமனை மில்லிமீட்டரில் அளக்கலாம். செலவு குறைவு, கதிர்வீச்சும் இல்லை. ஆனால் அளக்கும் கை மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். உறைக்குள் நீர் கோத்திருப்பதாக இதைத் தவறாக நினைக்கவும் வாய்ப்புண்டு. சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டிலும் முழுக் கன அளவையும் துல்லியமாகக் கணக்கிடலாம்.

இவ்வளவு இருந்தும், இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் ஆபத்து என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட எல்லை எதுவும் இல்லை. ஆகவே இந்தக் கொழுப்பை அளப்பதற்கென்றே பணம் கட்டி சி.டி. எடுக்கத் தேவையில்லை. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் அந்த வரி இருந்தால், அதை ஓர் எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொண்டு, ஃபைலின் மற்ற பக்கங்களை மருத்துவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்: ரத்த அழுத்தம், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), எல்.டி.எல்., கல்லீரல், புகை, குடும்பத்தில் இள வயது மாரடைப்பு. சிகிச்சை இவற்றை வைத்துத்தான் முடிவாகும்.

குறைக்க முடியுமா?

முடியும். வெட்டி எடுப்பதோ உறிஞ்சி எடுப்பதோ சிகிச்சை இல்லை. உடலின் உள்கொழுப்பு குறையும்போது இதுவும் குறைகிறது.

உடற்பயிற்சிக்கு நல்ல சான்று உண்டு. டென்மார்க்கில் தொப்பை உள்ள 50 பேரைப் பிரித்து 12 வாரம் நடத்திய சோதனை 2019-இல் வெளியானது. மூச்சிரைக்கும் அளவுக்கு உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இதயத்தை ஒட்டிய கொழுப்பு 32 சதவீதமும், எடை தூக்கும் பயிற்சி செய்தவர்களுக்கு 24 சதவீதமும் குறைந்தது. உறைக்கு வெளிக்கொழுப்பைக் குறைத்தது எடைப் பயிற்சி மட்டும்தான். சிறிய சோதனைதான், ஆனாலும் பெசன்ட் நகர் கடற்கரையிலோ மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவிலோ தினமும் நடக்கிறவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கும் வேலை கொடுப்பது நல்லது என்பதற்கு இது போதுமான காரணம். ஏற்கெனவே நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

அப்புறம் மருந்துகள். எடைக் குறைப்பு ஊசிகளான ஜி.எல்.பி.-1 வகை மருந்துகள், சர்க்கரைக்குத் தரும் எஸ்.ஜி.எல்.டி.-2 மாத்திரைகள், கொலஸ்ட்ராலுக்குத் தரும் ஸ்டாட்டின் மாத்திரைகள் மூன்றுமே இந்தக் கொழுப்பைக் குறைப்பதாக ஆய்வுகள் உள்ளன. ஜி.எல்.பி.-1 வகையைச் சேர்ந்த செமாகுளூடைட் மருந்தை 17,604 பேரிடம் சோதித்தபோது மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. அந்தப் பலன் இதயக் கொழுப்பு குறைந்ததால் வந்ததா, எடை, சர்க்கரை, அழற்சி எல்லாம் சேர்ந்து குறைந்ததால் வந்ததா என்று அந்தச் சோதனை பிரித்துக் காட்டவில்லை. யாருக்கு ஊசி தேவை என்பது மருத்துவர் முடிவு.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘இதயக் கொழுப்பைக் கரைக்கும்’ பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு பற்றியும் சொல்லியாக வேண்டும். சமையலில் அவை இருப்பது நல்லதுதான். குடித்தது வயிற்றிலிருந்து இதயத்துக்குப் போய் அங்கே இருக்கும் கொழுப்பைக் கரைக்கும் வழி உடலில் இல்லை. அந்தச் சாற்றை நம்பி ஸ்டாட்டினையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்துகிறவர்களை நினைத்தால் உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

நெஞ்சு நடுவில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை என்று வந்தால் ‘கேஸ்’ என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது; 108-ஐ அழைக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே அந்த நேரத்துக்குரிய ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய அளவு ஒன்று உண்டு. உள்கொழுப்பை ஓரளவு சரியாகக் காட்டுவது இடுப்புச் சுற்றளவு. பேன்ட் அளவை வைத்துச் சொல்லக் கூடாது, பலர் தொப்பைக்குக் கீழேதான் பேன்ட் அணிகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், தையல்காரர் டேப்பை இறுக்காமல் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு எண்ணைப் படிக்க வேண்டும். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80. மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி அளக்கலாம்.